உறையைத் துறந்த தோட்டா: ஒரு படைக்கலக் கனவின் வரலாறு



துப்பாக்கி சுடும்பொழுது அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு பித்தளைக் குழாய் தெறித்து விழுவதைத் திரைப்படங்களில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். குண்டு இலக்கை நோக்கிப் பாய்கிறது. மருந்து எரிந்து வளியாகிக் கரைகிறது. குழாய் மட்டும் வெறுமையாய் மண்ணில் கிடக்கிறது. இன்று உலகெங்கும் பரவலாக வழங்கும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் எடை ஏறத்தாழ 12 கிராம். அதில் ஏறக்குறைய பாதி இந்தப் பித்தளைக் குழாயின் எடையே. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பயன்பட்டுக் குப்பையாகும் பொருளைப் படைவீரன் ஏன் நாள்முழுதும் சுமக்க வேண்டும்? இவ்வினா எளியது. இதற்கு விடை காண முயன்ற நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாற்றையே இவ்வுரை எடுத்துரைக்கிறது. போரைப் போற்றுவது நம் நோக்கமன்று. மனித அறிவு ஒரு பொருளைத் தேவையற்றது என்று எப்போது முடிவு செய்கிறது, அம்முடிவு எங்கே இடறுகிறது என்பதை அறிவதே நம் நோக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பேச்சு வழக்கில் குண்டு, தோட்டா, ரவை ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் ஆள்கிறோம். இக்கட்டுரையில் குண்டு என்பது பாய்ந்து செல்லும் உலோகத் துண்டை மட்டுமே குறிக்கும். குண்டு, அதை உந்தும் மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டி, இம்மூன்றையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் உறை ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளே தோட்டா. அவ்வுறையை நீக்கிவிட்டு, மருந்தையே கெட்டியாக வார்த்து, அதனுள் குண்டைப் பதித்துச் செய்வது உறையிலாத் தோட்டா.

காடு கேட்ட வினா

எடையின் கொடுமையை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பண்டார் தெங்காராவுக்குத் தெற்கே, உலு திராமில், காட்டுப் போர்முறையைக் கற்பிக்கும் மலேசியத் தரைப்படையின் பயிற்சி மையமான புலாடா அமைந்துள்ளது. மலாயா அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் ஜொகூரின் காடுகளிலும் தோட்டங்களின் ஓரங்களிலும் படைப்பிரிவுகள் நாள்கணக்கில் நடந்தன. வண்டி செல்லாத அக்காட்டில் உணவு, நீர், தோட்டா அனைத்தும் மனிதனின் தோளில்தான் சென்றன.

அக்காலப் பிரித்தானியப் படைகள் ஏந்திய துப்பாக்கிகளுள் ஒன்று, 'காட்டுத் துப்பாக்கி' என்று பெயர்பெற்ற லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் வகையாகும். 1944ஆம் ஆண்டு உற்பத்திக்கு வந்த இது, வழக்கமான நான்காம் எண் துப்பாக்கியைச் சுருக்கிச் செய்யப்பட்டது. குழலைக் குறைத்தார்கள், மரத்தைக் குறைத்தார்கள், உலோகத்தையும் ஆங்காங்கே குடைந்தெடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ எடை குறைந்தது. ஆனால் நீக்கப்பட்ட எடை அதுவரை ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. சுடும்பொழுது எழும் பின்னுதைப்பை அக்கனமே தாங்கியது. கனம் குறைந்ததும் உதைப்பு முழுவதும் தோளில் இறங்கியது. அதைத் தணிக்கப் பின்கட்டையில் ரப்பர் பட்டை பொருத்தினார்கள். குறுகிய குழலிலிருந்து வெளிவரும் தீயொளியை மறைக்க முனையில் புனல் போன்ற ஒரு மூடி தேவைப்பட்டது. குறி நிலையாக நிற்கவில்லை என்ற குறையும் எழுந்தது. ஒன்றை நீக்கினால் அது செய்த வேலையை வேறொன்றன் தலையில் ஏற்ற வேண்டும் என்பதை மலாயாக் காட்டில் பயன்பட்ட இத்துப்பாக்கி உணர்த்தியது. உறையிலாத் தோட்டாவின் வரலாறு முழுவதும் இப்பாடம் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

காகிதம் உறையாக இருந்த காலம்

பித்தளை உறை தொன்மையானது அன்று. அதற்கு முன்பு நெடுங்காலம் உறையாக இருந்தது காகிதமே. அளந்த மருந்தையும் குண்டையும் ஒரு காகிதச் சுருளில் மடித்து வைத்திருப்பார்கள். வீரன் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை உள்ளே இடிப்பான். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கான காகிதத் தோட்டா கொழுப்புத் தடவி வழங்கப்பட்டது. ஈரத்தைத் தடுக்கவும் குண்டு குழலில் எளிதாக இறங்கவும் அக்கொழுப்பு உதவியது. அது பசுவின் கொழுப்பு என்றும் பன்றியின் கொழுப்பு என்றும் இந்திய வீரர்களிடையே செய்தி பரவியது. 1857ஆம் ஆண்டு ஏப்ரலில் மீரட் நகரில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு விலங்கிட்ட மறுநாள், மே 10ஆம் நாள், பேரெழுச்சி வெடித்தது. அதற்கு அடிப்படைக் காரணங்கள் பல இருந்தன; தோட்டாவின் உறை தீப்பொறியாயிற்று. தோட்டாவின் உறையை யாரும் பொருட்படுத்தாத சிறு பொருள் என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை.

அதே நூற்றாண்டில் உறையை முற்றிலும் ஒழிக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. 1848ஆம் ஆண்டு அமெரிக்கரான வால்டர் ஹண்ட், குண்டின் அடிப்பகுதியைக் குடைந்து அதனுள்ளேயே மருந்தை அடைத்து ஒரு வகைத் தோட்டாவுக்குக் காப்புரிமை பெற்றார். உறையிலாத் தோட்டாவின் முன்னோடி இதுவே. ஆனால் குண்டின் வயிற்றில் அடங்கிய மருந்து மிகச் சிறிது, ஆற்றலும் அவ்வாறே. அவ்வழியில் வந்த துப்பாக்கிகளைத் திருத்தியமைத்த பெஞ்சமின் டைலர் ஹென்றி, 1860ஆம் ஆண்டில் உலோக உறையிட்ட தோட்டாவுக்கே மாறினார்.

ஐரோப்பாவில் பிரஷ்யாவின் டிரைசே ஊசித் துப்பாக்கி 1841ஆம் ஆண்டு படைக்கு ஏற்கப்பட்டது. நீண்ட ஊசியொன்று காகித உறையைத் துளைத்துச் சென்று, உள்ளிருக்கும் தீமூட்டியைத் தட்டும். காகிதம் எரிந்துவிடும். 1866ஆம் ஆண்டு ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கோனிக்ராட்ஸ் களத்தில் இத்துப்பாக்கியின் விரைவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. எனினும் குழலின் அடிப்புறத்தில் அனல்வளி கசிந்து சுடுபவன் முகத்தில் அடித்தது. பிரெஞ்சுக்காரர் அதே ஆண்டில் ஏற்ற ஷாஸ்போ துப்பாக்கி, அக்கசிவைத் தடுக்க ஒரு ரப்பர் வளையத்தை நம்பியது. வெப்பத்தில் அவ்வளையம் இறுகி வெடித்ததால் அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று. ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வழியாக மலாயா மண்ணுக்கு வந்தது 1877ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே ஐரோப்பியப் போர்க்களத்தில் ரப்பர் தன் வலிமையையும் வரம்பையும் காட்டிவிட்டது.

பித்தளையின் வெற்றியும் அருவங்காடும்

இந்நிலையில்தான் உலோக உறை வென்றது. பிரித்தானியர் 1866ஆம் ஆண்டில் தம் என்ஃபீல்டு துப்பாக்கிகளை ஸ்னைடர் முறைக்கு மாற்றினார்கள். அதற்கென எட்வர்ட் பாக்சர் வடிவமைத்த தோட்டாவில் பித்தளைத் தகடு உறையாயிற்று. 1871ஆம் ஆண்டில் மார்ட்டினி-ஹென்றி வந்தது. பின்னர் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளை உறை எங்கும் பரவியது.

மருந்தும் மாறியது. 1884ஆம் ஆண்டு பிரான்சின் பால் வியெய் புகையிலா மருந்தை உருவாக்கினார். 1889ஆம் ஆண்டு பிரித்தானியாவின் பிரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டெவாரும் கார்டைட்டை உருவாக்கினார்கள். கயிறு போன்ற வடிவில் பிழிந்தெடுக்கப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. அம்மருந்தைச் செய்வதற்கென்றே தமிழகத்தின் நீலகிரி மலையில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. உதகைக்குச் செல்லும் மலை இரயில் இன்றும் அருவங்காடு நிலையத்தில் நின்றே செல்கிறது. இவ்வகை மருந்துகள் வெப்பத்தில் மெல்ல மெல்லச் சிதைபவை. ஆதலால் அவற்றை எங்கே செய்வது, எவ்வாறு காப்பது என்பன எப்போதும் கவலைக்குரிய வினாக்களாகவே இருந்துள்ளன. வெப்பம் என்னும் இச்சொல்லை மனத்தில் கொள்க. கதையின் மையத்தில் அதுவே மீண்டும் வரும்.

உறையின் நான்கு கடமைகள்

வெறும் குழாயாகத் தோன்றும் உறை செய்யும் பணிகளை இங்கே வரிசைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, காத்தல். மழையிலிருந்தும் வியர்வையிலிருந்தும் உராய்விலிருந்தும் மருந்தை அது காக்கிறது.

இரண்டாவது, அடைத்தல். மருந்து எரியும் கணத்தில் எழும் அழுத்தத்தால் பித்தளை விரிந்து வெடியறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வளி பின்புறம் கசிய வழியில்லை. அழுத்தம் தணிந்ததும் உறை சுருங்கி விடுபடுகிறது. ஷாஸ்போவின் ரப்பர் வளையம் செய்யத் தடுமாறிய வேலையை ஒவ்வொரு தோட்டாவும் தன் புத்தம்புது உறையால் செய்து முடிக்கிறது.

மூன்றாவது, வெப்பத்தை விலக்குதல். தொடர்ந்து சுடும் துப்பாக்கியின் வெடியறை கொதிக்கும். அந்தச் சுவருக்கும் மருந்துக்கும் இடையே உறை நிற்கிறது. அதோடு, எரிப்பில் எழுந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் தன்னுள் ஏற்று வெளியே எடுத்துச் செல்கிறது. சுட்ட உறையைக் கையால் தொட முடியாமைக்குக் காரணம் இதுவே.

நான்காவது, வெளியேற உதவுதல். வெடிக்காத தோட்டாவை இழுத்தெடுக்க உறையின் அடிவிளிம்பே பிடிப்பாகிறது.

உறையை நீக்குபவர் இந்நான்கு கடமைகளையும் வேறு யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும்.

ஓபர்ன்டோர்ஃப் நகரின் கனவு

இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாட்டால் ஜெர்மானியர் உறையிலாத் தோட்டாவை ஆராய்ந்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கரும் அவ்வழியில் முயன்றார்கள். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெய்சி நிறுவனம், அழுத்திச் சூடேற்றிய காற்றாலேயே மருந்தைப் பற்றவைக்கும் ஒரு சிறு துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விரைவிலேயே அதைக் கைவிட்டது. ஆனால் படைத்துறைக்குரிய முழுமையான துப்பாக்கியாக இக்கனவை உருவாக்கியது மேற்கு ஜெர்மனியே. நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டோர்ஃப், மௌசர் துப்பாக்கிகள் பிறந்த ஊர். அவ்வூரில் இயங்கிய ஹெக்லர் உண்டு கோக் நிறுவனமும், மருந்துத் துறையில் பெயர்பெற்ற டைனமிட் நோபல் நிறுவனமும் 1960களின் இறுதியில் கைகோத்தன. அதன் விளைவே ஜி11 துப்பாக்கி.

அதன் தோட்டா, சதுரமான சிறு மருந்துக் கட்டி; குண்டு அதனுள் புதைந்திருந்தது. அதன் பெயரளவு விட்டம் 4.73 மில்லிமீட்டர்; முழுத் தோட்டாவின் எடை ஏறத்தாழ 5 கிராம். தோட்டாப் பெட்டி குழலின் மேல், அதற்கு இணையாகப் படுத்திருக்கும். அதில் தோட்டாக்கள் தலைகீழாக நிற்கும். கீழிறங்கும் தோட்டாவை ஒரு சுழலறை வாங்கிக்கொண்டு, கால்வட்டம் திரும்பி, குழலுக்கு நேராக நிறுத்தும். உறையை இழுத்தெறியும் வேலை இல்லாமையால் இவ்விசைப்பாடு வியத்தகு விரைவில் நிகழ்ந்தது. மூன்று குண்டுகள் தொடர்ந்து பாயும் முறையில், நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேகத்தில் அது சுட்டது. பின்னுதைப்பு தோளை அடைந்து குறியைக் கலைக்கும் முன்பே மூன்று குண்டுகளும் குழலைக் கடந்துவிடும்.

எடையில் கிடைத்த பயன் பெரிது. துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து ஏழரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒரே சுமையில், பழைய ஜி3 ஏந்திய வீரன் ஏறக்குறைய 100 தோட்டாக்களைச் சுமக்கலாம். ஜி11 ஏந்தியவன் 500க்கும் மேல் சுமக்கலாம் என்பதே அன்று காட்டப்பட்ட கணக்கு. காட்டில் நடந்த வீரர்களின் தோள்கள் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது போலவே தோன்றியது.

வெப்பம் கேட்ட விலை

1970களின் இறுதியில் நேட்டோ கூட்டமைப்பு புதிய துப்பாக்கிகளுக்கான தேர்வை நடத்தியது. அங்கேதான் மூன்றாவது கடமை தன் கணக்கைத் தீர்த்தது. தொடர்ந்து சுட்ட பின் வெடியறை சூடேறியிருக்கும். அதில் நுழைந்த தோட்டாவுக்கும் கொதிக்கும் சுவருக்கும் இடையே எதுவும் இல்லை. விசையை யாரும் தொடாமலேயே தோட்டா தானாக வெடித்தது. இதனைத் தன்வெடிப்பு எனலாம். துப்பாக்கி ஏந்தியவனும் அவன் அருகில் நிற்பவனும் ஒருங்கே இடருக்குள்ளாவர். ஜி11 அத்தேர்விலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

பொறியாளர்கள் மனந்தளரவில்லை. வழக்கமான நைட்ரோசெல்லுலோசை விடுத்து, மிகுந்த வெப்பத்தில் மட்டுமே பற்றும் வேறொரு மருந்தை டைனமிட் நோபல் உருவாக்கியது. தானே பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் உயர்ந்தது. அடைத்தல் என்னும் இரண்டாவது கடமையைச் சுழலறை ஏற்றது. அதன் இணைப்புகள் மிகத் துல்லியமாக அமைய வேண்டியிருந்தது. நான்காவது கடமைக்காக, வெடிக்காத தோட்டாவைக் கீழே தள்ளும் தனிவழி அமைக்கப்பட்டது. ஒரு பித்தளைக் குழாய் தனியாகச் செய்த பணியைப் பகிர்ந்து ஏற்கப் பல நுண்ணிய உறுப்புகள் திரண்டன. ஜி11இன் உள்ளமைப்பு கடிகாரத்தை ஒத்தது என்று வல்லுநர்கள் கூறுவதுண்டு. அது புகழ்ச்சியும் ஆகும், எச்சரிக்கையும் ஆகும்.

வரலாற்றின் குறுக்கீடு

நுட்பச் சிக்கல்கள் பெரும்பாலும் தீர்ந்த வேளையில் உலகமே மாறியது. 1989–90ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபோர்ட் பென்னிங்கில் நான்கு புதுவகைத் துப்பாக்கிகள் ஆய்வுக்குள்ளாயின. ஜி11 அவற்றுள் ஒன்று. அன்றைய எம்16 துப்பாக்கியைவிட இருமடங்கு சிறப்பாக இலக்கைத் தாக்க வேண்டும் என்பது இலக்கு. நான்கில் எதுவும் அதை எட்டவில்லை.

1989ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்தது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. எதிர்பார்த்த போர் வரவில்லை. இணைப்பின் செலவே நாட்டின் முதற்கவலையாயிற்று. மேலும், நேட்டோ நாடுகள் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைப் பொதுவாக ஏற்றிருந்தன. தோழமை நாடுகளோடு தோட்டாவைப் பகிர முடியாத துப்பாக்கியை வாங்குவதில் பொருளில்லை. திட்டம் கைவிடப்பட்டது. ஹெக்லர் உண்டு கோக் 1991ஆம் ஆண்டில் பிரித்தானிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1990களின் பிற்பகுதியில் ஜெர்மானியப் படை ஏற்ற ஜி36, பித்தளை உறையிட்ட தோட்டாவையே பயன்படுத்தியது. ஆஸ்திரியாவில் வேரே நிறுவனம் மின்பொறியால் பற்றும் உறையிலாத் தோட்டாவோடு வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது, அதுவும் பரவவில்லை. 2004ஆம் ஆண்டு அமெரிக்கா தொடங்கிய எடைகுறைப்புத் திட்டத்திலும் உறையிலா வகை பின்தங்கியது. நெகிழி உறையிட்ட வகையே முந்தியது.

ஆவடியில் வாழும் பாதிக் கனவு

அப்படியானால் அவ்வெண்ணம் முழுவதும் பொய்த்ததா? இல்லை. கைத்துப்பாக்கியில் தோற்றது பீரங்கியில் வென்றது. சென்னைக்கு அருகே ஆவடியில் உள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவான டி-72 வகை டாங்கிகளும், ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியும் பாதி எரியும் உறையைப் பயன்படுத்துகின்றன. மலேசியப் படை போலந்திலிருந்து வாங்கிய 48 'பெண்டேக்கார்' டாங்கிகளின் 125 மில்லிமீட்டர் பீரங்கியும் அவ்வாறே. உறையின் உடல்பகுதி மருந்தோடு சேர்ந்து எரிந்துவிடும். அடியில் உள்ள சிறு உலோகக் கிண்ணம் மட்டும் எஞ்சும்.

அக்கிண்ணத்தை ஏன் விட்டுவைத்தார்கள்? அடைத்தல் என்னும் கடமையை அதைவிட எளிதாகச் செய்வது வேறில்லை. பீரங்கி ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் சில நொடிகள் ஓய்கிறது. கைத்துப்பாக்கியைப் போல நொடிக்குப் பலமுறை சுடுவதில்லை. ஆகவே வெப்பத்தின் கடமை அங்கே இலேசாகிறது. ஆனால் காத்தல் என்னும் முதற்கடமைக்கு விலை உண்டு. டி-72 வகை டாங்கியில் எரியும் உறையிட்ட மருந்து, வீரர்கள் அமரும் அறைக்குள்ளேயே இருக்கிறது. எதிரியின் தாக்குதல் உள்ளே ஊடுருவினால் அது தீப்பற்றுகிறது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் பல டாங்கிகளின் மேற்கோபுரங்கள் அவ்வாறே பெயர்ந்து விழுந்தன.

2022ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை தன் அடுத்த தலைமுறைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அதற்கென வடிவமைத்த 6.8 மில்லிமீட்டர் தோட்டாவில் உறை நீக்கப்படவில்லை. மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும்பொருட்டு, அடியில் எஃகும் மேலே பித்தளையும் சேர்த்து அது வலுப்படுத்தப்பட்டது.

மாணவர்களே, ஜி11ஐத் தோல்வி என்று எழுதிவிட்டுக் கடந்து செல்லாதீர்கள். இருபதாண்டு உழைப்பில் அதன் பொறியாளர்கள், அதுவரை யாரும் முழுமையாக எண்ணிப் பாராத ஓர் உண்மையை அளந்து காட்டினார்கள். நாம் குப்பை என்று கண்ட பித்தளைக் குழாய், ஒரே நேரத்தில் நான்கு பணியாளர்களின் வேலையைச் செய்துவந்தது. அது ஓசையின்றிச் செய்ததால் நாம் அறியவில்லை. எந்தத் துறையிலும், 'இது எதற்கு, எடுத்துவிடலாமே' என்ற எண்ணம் எழுவது நன்று. புதுமைகள் அவ்வாறே பிறக்கின்றன. ஆனால் எடுப்பதற்கு முன், 'இதுவரை இது என்ன செய்துகொண்டிருந்தது, இனி அதை யார் செய்வார்' என்று கேட்டு விடை எழுதிக்கொள்ளுங்கள். அறிவியல் வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் ஒருங்கே கற்பிக்கத்தக்க வினா இது.